கறுப்பா, வெள்ளையா, சிவப்பா? புதிய காரின் நிறம் குறித்து ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எங்கள் குடும்பத்தின் முதல் புதிய காருக்கு முன்பதிவு செய்ய இருக்கிறோம். எந்த மாடல் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து, நிறத்தில்தான் ஒத்துப்போகவில்லை. என் கணவர் கறுப்பு என்கிறார். எனக்கு அடர் சிவப்பு பிடித்திருக்கிறது. மாமனாரோ, சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும், விற்கும்போது வெள்ளைக்குத்தான் மதிப்பு என்கிறார். எங்களுக்குக் கூரையுள்ள நிறுத்துமிடம் இல்லை. பகல் முழுவதும் கார் வெயிலில்தான் நிற்கும். கழுவுவதும் நாங்களேதான். எட்டுப் பத்து ஆண்டுகளாவது வைத்திருக்க எண்ணம். சிவப்புக்குக் கூடுதல் தொகையும் சில வாரக் காத்திருப்பும் உண்டு, சாம்பல் நிறம் என்றால் உடனே கிடைக்கும் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

வீட்டில் மூன்று பேருக்கு மூன்று நிறம் பிடித்திருந்தால், யாருடைய ரசனை சிறந்தது என்று வெளியாள் ஒருவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ரசனைக்கு அப்பாற்பட்ட மூன்று விவரங்கள் இருக்கின்றன: கார் வெட்டவெளியில் நிற்கப் போகிறது, அதை நீங்களே கழுவப் போகிறீர்கள், நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறீர்கள். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் கெட்டுப்போன பெயிண்டைச் சரிசெய்வதையும் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், நான் இந்த மூன்றையும் வைத்தே பேசுகிறேன். அப்படிப் பார்க்கும்போது, சிவப்பா கறுப்பா என்பதற்கு முன்பு நீங்கள் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: நீங்கள் விரும்பும் அந்தச் சிவப்பு எந்த வகைப் பூச்சு? கூடுதல் தொகை என்று அவர்கள் சொல்வதிலிருந்தே அது சாதாரணப் பூச்சாக இருக்காது என்று தோன்றுகிறது.

இதை விளக்க, காரின் பெயிண்ட் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சற்றுச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் காரின் வெற்றுடல் முதலில் பாஸ்பேட் கரைசலால் பதப்படுத்தப்பட்டு, பிறகு பெயிண்ட் நிறைந்த தொட்டியில் முழுவதுமாக மூழ்கவைக்கப்படுகிறது. மின்சாரத்தின் உதவியால் இண்டு இடுக்கெல்லாம் படியும் அந்த முதல் படலம்தான் துருவைத் தடுக்கிறது. அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறத்தைத் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். இவ்வளவும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் கனம் வரைதான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதிலும் நிறம் என்று நாம் பார்ப்பது 15, 20 மைக்ரான் அளவிலான மெல்லிய படலம். வெயில், பறவை எச்சம், கழுவும் துணி ஆகிய அனைத்தையும் நேரில் எதிர்கொள்வது 40, 50 மைக்ரான் கனமுள்ள கிளியர் கோட்தான், அது எல்லா நிறக் கார்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கறுப்புக் காரில் கீறல் அதிகம் விழுகிறது என்று சொல்வது சரியன்று. விழுந்த கீறல் அதில் நன்றாகத் தெரிகிறது என்பதே சரி. கீறலைக் காட்டிக்கொடுக்குமா மறைக்குமா, சரிசெய்யும்போது பழைய நிறத்தோடு ஒத்துவருமா வராதா என்ற இரண்டிலும்தான் நிறங்களுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

பூச்சு வகைகளில் எளிமையானது சாலிட். அதில் நிறமி மட்டுமே உண்டு, மினுமினுப்பு இல்லை. மெட்டாலிக் பூச்சில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். பேர்ல் எனப்படும் முத்துப் பூச்சில் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய மைக்காச் செதில்கள் இருக்கும். பார்க்கும் கோணம் மாறினால் சாயலும் சற்று மாறும். இவற்றுக்கும் மேலே, இன்று பல நிறுவனங்கள் தங்கள் விலை உயர்ந்த சிவப்புக்கும் முத்து வெள்ளைக்கும் பயன்படுத்தும் மூன்றடுக்குப் பூச்சு ஒன்று உண்டு. அதில் அடிநிறத்துக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவே, ஒளி ஊடுருவும் வண்ணப் படலம் ஒன்று கூடுதலாக வரும். ஒளி அந்த நடுப்படலத்தைக் கடந்து உள்ளே சென்று, அடிப்படலத்தில் பட்டு, மீண்டும் அதே படலத்தின் வழியாக வெளியே வருவதால்தான் அந்தச் சிவப்புக்கு உள்ளிருந்து ஒளிர்வதுபோன்ற ஆழம் கிடைக்கிறது. ஷோரூமில் அது உங்கள் கண்ணை ஈர்த்ததில் வியப்பில்லை. எனக்கும் பிடித்த பூச்சுதான் அது.

சிக்கல், யாரோ ஒருவர் உங்கள் பின் பம்பரை உரசிவிட்டுப் போகும் நாளில் தொடங்குகிறது. சாலிட் வெள்ளை என்றால், பெயிண்டின் குறியீட்டு எண்ணைப் பார்த்துக் கலந்து, அந்த ஒரு பாகத்துக்கு மட்டும் அடித்து, அன்றைக்கே முடித்துவிடக் கூடிய வேலை. மெட்டாலிக் என்றால், நிறமி சரியாக இருந்தாலும் போதாது. செதில்கள் படியும் விதமும் ஒத்துவர வேண்டும். பெயிண்டைத் தெளிக்கும் துப்பாக்கியிலிருந்து அது ஈரமாக, மெதுவாக விழும்போது செதில்கள் உள்ளே அமிழ்ந்து நிறம் சற்று அடர்த்தியாகும். காற்றழுத்தம் கூடி உலர்வாக விழுந்தால், அவை குளத்தில் மிதக்கும் இலைகளைப் போல மேற்பரப்பில் படுத்துக்கொண்டு நிறத்தை வெளிறச் செய்யும். அதனால்தான், நேரே நின்று பார்த்தால் பொருந்தும் கதவு, பக்கவாட்டில் நின்று பார்த்தால் தனியாகத் தெரிகிறது. இதை மறைக்க, அடிபட்ட பாகத்தோடு நிறுத்தாமல், பக்கத்துப் பாகத்திலும் நிறத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக் கலந்துவிடுவோம். மூன்றடுக்குப் பூச்சில் இந்தத் தொல்லை இரட்டிப்பாகிறது: நடுப்படலத்தை எத்தனை முறை அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து நிறமே மாறும் என்பதால், தனித் தகடுகளில் ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என்று அடித்துக் காயவைத்து, காரின் அருகில் வைத்து ஒப்பிட்ட பிறகே வேலையைத் தொடங்க முடியும். கூலி, பொருள், நாள் மூன்றும் கூடும். அவ்வளவு செய்தும் நூற்றுக்கு நூறு பொருத்தத்துக்கு நேர்மையான பெயிண்டர் எவரும் உத்தரவாதம் தரமாட்டார்.

புத்தம் புதிய காரிலேயே இதை நீங்கள் கவனித்துப் பார்க்கலாம். எஃகு உடல் 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடப்படுகிறது. பிளாஸ்டிக் பம்பர் அந்த வெப்பத்தைத் தாங்காது என்பதால், பெரும்பாலும் வேறு இடத்தில், குறைந்த வெப்பத்தில் காயும் வேறு பெயிண்டால் பூசப்பட்டு வருகிறது. மெட்டாலிக் கார் ஒன்றின் முன்சக்கரத்துக்கு அருகே குனிந்து, ஃபெண்டரும் (சக்கரத்தை மூடும் தகடு) பம்பரும் சேரும் கோட்டைச் சாய்வாகப் பாருங்கள். வெள்ளியிலும் வெளிர் தங்க நிறத்திலும் அங்கே இலேசான சாயல் வேறுபாடு தெரிவது உண்டு. ஆலையிலிருந்து வந்த காருக்கே இந்த நிலை. இதைச் சொல்வது உங்கள் ஆசைக்குக் குறுக்கே நிற்பதற்காக அன்று. மூன்றடுக்குச் சிவப்பை வாங்குவதானால், அடிபடும் ஒவ்வொரு முறையும் அதற்கான விலையையும் சேர்த்தே வாங்குகிறீர்கள் என்பதற்காக. முன் பம்பருக்குப் பின்னால், எதிரே உள்ள வாகனங்களை உணரும் ரேடார் உள்ள காராக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அலுமினியச் செதில்கள் உள்ள பெயிண்டை அந்த இடத்தில் தடிமனாக ஏற்றினால் ரேடார் அலைக்குத் தடை ஏற்படலாம் என்பதால், பழைய பெயிண்டின் மேலேயே மீண்டும் மீண்டும் அடிப்பதைப் பல கார் நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

காத்திருப்பைப் பற்றி ஒரு சொல். சிறப்பு நிறங்களுக்கான மினுமினுப்புச் செதில்களைத் தயாரிப்போர் மிகச் சிலரே. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஏற்பட்டபோது, ஒனஹாமாவில் இருந்த மெர்க் நிறுவனத்தின் ஆலை நின்றுபோனது. சிராலிக் என்ற மினுமினுப்பு நிறமியைத் தயாரித்துவந்த ஒரே ஆலை அதுதான். அதனால் ஃபோர்டு உள்ளிட்ட கார் நிறுவனங்கள் சில கறுப்பு, சிவப்புச் சாயல்களுக்கான முன்பதிவைச் சில காலம் கட்டுப்படுத்த நேர்ந்தது. பத்து ஆண்டு வைத்திருக்கும் பொருளுக்குச் சில வாரக் காத்திருப்பு ஒரு பொருட்டே அன்று. அதற்காக மட்டும் சாம்பலுக்கு மாறிவிடாதீர்கள்.

இனி உங்கள் மாமனாரின் கருத்துக்கு வருகிறேன். சிவப்பு வெளுக்கும் என்று அவர் சொல்வது அவருடைய அனுபவத்தில் முழு உண்மையாகவே இருந்திருக்கும். சிவப்பு நிறமி, நீலத்தையும் பச்சையையும் உள்வாங்கிக்கொண்டுதான் சிவப்பாகத் தெரிகிறது. ஒளியில் ஆற்றல் கூடுதலான பகுதியும் அந்த நீலப் பக்கம்தான். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சுக் கார்களில் இந்த ஒளியும் புற ஊதாக் கதிரும் நேராக நிறமியைத் தாக்கியதால், சிவப்புக் கார்கள் சில ஆண்டுகளிலேயே செங்கல் நிறத்துக்கும் அதன்பின் இளஞ்சிவப்புக்கும் இறங்கின. இன்றைய கார்களில் பயன்படும் குயினாக்ரிடோன் போன்ற நிறமிகள் வெயிலை நன்றாகத் தாங்குபவை. கிளியர் கோட்டிலேயே புற ஊதாவை உறிஞ்சும் பொருளும் கலக்கப்படுகிறது. ஆகவே கிளியர் கோட் உயிரோடு இருக்கும்வரை சிவப்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது உரியத் தொடங்கிவிட்டால் வெள்ளையைவிடச் சிவப்பு வெகு விரைவில் நிறம் இழக்கும். உரிவது எப்போதும் வெயில் நேராக விழும் கூரையிலும் பானட்டிலும்தான் தொடங்கும். வெட்டவெளியில் நிற்கும் காருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகோ அதற்கு ஈடான பாதுகாப்புப் பூச்சோ தேய்க்க நீங்கள் தயார் என்றால், மாமனாரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

உங்கள் கணவரின் கறுப்புக்கு என் பதில், உங்கள் சூழ்நிலையில் வேண்டாம் என்பதே. கழுவி முடித்த முதல் ஒரு மணி நேரம் கறுப்புக்கு ஈடான நிறம் இல்லை. அதன் பிறகு அது தூசியைக் காட்டத் தொடங்கும். அந்தத் தூசியைக் காய்ந்த துணியால் தட்டித் துடைக்கும் பழக்கம்தான் கறுப்புக் காரின் முதல் எதிரி. துணிக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவே சிக்கும் மணல் துகள் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழைக் கோடு போடும். வெயிலில் நிறுத்தி, சூரியனின் பிம்பம் தெரியும் இடத்தைச் சுற்றிப் பார்த்தால், அந்தக் கோடுகள் சிலந்தி வலையாகத் தெரியும். பாலிஷ் போட்டு எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டிலிருந்து சிறிது தின்றுவிடுகிறது. உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் வேறு. பறவை எச்சத்தின் கதையும் இதுதான்: வெயிலில் சூடேறி இளகும் கிளியர் கோட், மாலையில் குளிரும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி அதன் வடிவிலேயே இறுகிவிடுவதால் அழியாத தடம் விழுகிறது. கறுப்புத் தகடு கூடுதலாகச் சூடேறும் என்பதால் அங்கே தடம் ஆழமாகவும் விழும், பளிச்சென்றும் தெரியும். நிழலில் நிற்கும், பக்குவம் தெரிந்தவர் கழுவும் காருக்குத்தான் கறுப்பு.

வெப்பத்தைப் பொறுத்தவரை ஊகம் தேவையில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான கறுப்புக் காரையும் வெள்ளி நிறக் காரையும் அருகருகே வெயிலில் நிறுத்தி ஒப்பிட்டனர். கூரையின் மேற்பரப்பில் 25 டிகிரி செல்சியஸ் வரை வேறுபாடு இருந்தது. உள்ளே இருப்பவர் சுவாசிக்கும் உயரத்தில் காற்றின் வெப்பம் 5, 6 டிகிரிதான் வேறுபட்டது. இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதற்குக் காரணம், உள்ளே நுழையும் வெப்பத்தில் பெரும்பகுதி கண்ணாடிகள் வழியாக வந்து டாஷ்போர்டையும் இருக்கைகளையும் சூடாக்குவதுதான். எனவே வெளிநிறத்தில் காட்டும் அக்கறையில் பாதியையாவது உள்நிறத்திலும் காட்டுங்கள். வெளியே வெள்ளை வாங்கிவிட்டு உள்ளே முழுக் கறுப்பு இருக்கையைத் தேர்ந்தெடுப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஏசியின் சுமை குறைவதால் வெளிர் நிறத்துக்குக் கிடைக்கும் எரிபொருள் மிச்சம், அதே ஆய்வின் கணக்கில் ஒன்று, இரண்டு சதவீதம். அடர் சிவப்பு இதில் கறுப்புக்கும் வெள்ளிக்கும் இடைப்பட்டது.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், யாராவது சொல்லக்கூடும் என்பதால் குறிப்பிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் கார்களைவிடக் கறுப்புக் கார்களுக்கு விபத்து வாய்ப்பு சுமார் 12 சதவீதம் கூடுதல் என்றும், சாம்பலும் வெள்ளியும்கூட அதற்குச் சற்றே குறைவான அளவில் பின்தங்கியவை என்றும் கண்டது. ஆனால் அதற்கு முன்பே, 2003இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான நியூசிலாந்து ஆய்வில், பலத்த காயம் விளைவிக்கும் விபத்துகளில் வெள்ளி நிறக் கார்கள் வெள்ளையைவிடச் சுமார் பாதியளவே சிக்கின. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது, இதை வைத்து நிறத்தை முடிவுசெய்வது பொருளற்றது. அந்தி நேரத்தில் முகவிளக்கைச் சற்று முன்னதாகவே போட்டுவிடுங்கள், அது போதும்.

மறுவிற்பனை மதிப்பிலும் மாமனார் பாதி சரி. வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி ஆகிய நான்கும் சேர்ந்து உலகில் விற்கும் புதிய கார்களில் முக்கால் பங்குக்கும் மேல் என்பதால், அவற்றை வாங்க ஆள் எளிதில் கிடைப்பார். எளிதில் விற்பது வேறு, நல்ல விலைக்கு விற்பது வேறு. அதே நிறத்தில் விற்பனைக்கு நிற்கும் போட்டிக் கார்களும் அதிகம். ஐசீகார்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பகுப்பாய்வுகளில், மிகக் குறைவாக மதிப்பிழந்த நிறம் மஞ்சள். மஞ்சள் நிறத்தில் வருபவை பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கார்கள், எண்ணிக்கையும் குறைவு என்பதே அதற்குக் காரணமாக இருக்கும். குடும்பக் காருக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. மூன்றாண்டில் விற்பவருக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம். பத்து ஆண்டு ஓடிய காரை வாங்க வருபவர் பார்ப்பது என்ஜினையும் சர்வீஸ் பதிவுகளையும். பெயிண்டில் அவர் தேடுவது பட்டி பார்த்த தடயத்தை. சாயல் மாறிய ஒற்றைக் கதவு, விபத்துக் கார் என்ற ஐயத்தை எழுப்பி விலையைக் குறைத்துவிடும். மீண்டும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: எளிதாகப் பொருத்தக்கூடிய பூச்சே மதிப்பைக் காக்கிறது.

ஆகவே என் பரிந்துரை இது. நீங்கள் விரும்பும் மாடலில் சிவப்பு, சாலிட் ஆகவோ வழக்கமான மெட்டாலிக் ஆகவோ இருந்தால், தயங்காமல் அதையே வாங்குங்கள். உங்களுக்கு நிறம் பிடித்திருக்கிறது என்பதற்கு எதிராக வைக்கத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அது மூன்றடுக்குப் பூச்சாக இருந்து, நீங்கள் தினமும் நெரிசலில் ஓட்டுபவர்களாக இருந்தால், விட்டுவிடுங்கள். அப்போது சாம்பலைப் பரிசீலிக்கலாம், ஆனால் எந்தச் சாம்பல் என்பதைப் பாருங்கள்: கரியை நெருங்கும் அடர் சாம்பல், வெப்பத்திலும் தூசியிலும் ஏறத்தாழ கறுப்பைப் போலவே நடந்துகொள்ளும், வெள்ளியை நெருங்கும் நடுச் சாம்பல்தான் தூசி, சேற்றுத் தெறிப்பு, மயிரிழைக் கீறல் மூன்றையும் சிறப்பாக மறைக்கும். வாரம் ஒருமுறை கழுவ முடியாதவர்களுக்கு நான் சொல்லும் நிறம் அதுவே. சாலிட் வெள்ளை, சரிசெய்ய மலிவானது, வெயிலில் குளிர்ச்சியானது. கல் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்த இடமும் துருவின் தொடக்கமும் மட்டும் அதில் உடனே கண்ணில் படும், அதையும் நான் ஒரு நன்மை என்றே எண்ணுகிறேன். முத்து வெள்ளையைச் சாலிட் வெள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். அது பெரும்பாலும் மூன்றடுக்கு. மேட் எனப்படும் மங்கல் பூச்சையும் யாரேனும் காட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதைப் பாலிஷ் போட முடியாது, போட்ட இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

முடிவெடுப்பதற்கு முன், கையேட்டையும் கைபேசித் திரையையும் நம்பாமல் நிறத்தை நேரில் பாருங்கள். உள்ளங்கை அளவு மாதிரித் தகட்டில் அடர்த்தியாகத் தெரியும் நிறம், முழுக் காரில் வெளிறியும் பளிச்சென்றும் தெரியும். ஷோரூம் விளக்குகள் செதில்களை மின்னவைப்பதற்கென்றே பொருத்தப்பட்டவை. அதே நிறக் காரை நடுப்பகல் வெயிலில் ஒருமுறையும், மேகமூட்டத்திலோ மாலை நிழலிலோ ஒருமுறையும் வெளியே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அடர் சிவப்பு நிழலில் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறி, உங்களுக்கு வேறொரு காராகத் தோன்றக்கூடும். அதைவிடப் பயனுள்ளது, அதே நிறத்தில் நான்கைந்து ஆண்டு ஓடி, திறந்தவெளியில் நிற்கும் காரைத் தேடிப் பிடித்து, அதன் கூரையையும் பானட்டையும் உற்றுப் பார்ப்பது. உங்கள் கணவரையும் உடன் அழைத்துச் சென்று, அருகில் அதே வயதுக் கறுப்புக் கார் ஒன்றையும் வெயிலில் காட்டினால், வீட்டு விவாதம் பாதி முடிந்துவிடும்.

முன்பதிவுப் படிவத்தில் நிறத்தின் விளம்பரப் பெயரோடு பெயிண்டின் குறியீட்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள். ஒரே சிவப்புக்கு ஆண்டுக்கொரு பெயர் வைப்பார்கள், குறியீட்டு எண்தான் நிலையானது. காரை எடுக்கும் நாளில் அது கதவுச் சட்டத்திலோ பானட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் இருப்பதோடு ஒத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். உடனே கிடைக்கும் சாம்பலையே எடுப்பதாக முடிவானால், உற்பத்தி மாதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளி யார்டில் பல மாதம் நின்ற காரில், வெயிலும் பறவையும் உங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும். எந்த நிறமாக இருந்தாலும், இரவிலோ மழையிலோ கழுவிய ஈரத்தோடோ டெலிவரி எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். காய்ந்த காரைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிவந்து, ஒவ்வொரு பாகத்தையும் நேராகவும் சாய்வாகவும் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.